மறு: எமுலேட்டருக்கு 'நிகரி' சரியா?

வணக்கம். ஒரு கணினியின் வேலையை இன்னொன்றில் அப்படியே செய்யும் மென்பொருளான எமுலேட்டருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'பாவிப்பி' என்று நான் சொன்னதில் என்ன குறை ஐயா?

சொல்லாக்கத்தில் குறையே இல்லை அம்மா. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஈழத்தில் பாவித்தல் என்றால் பயன்படுத்தல். பயனரை அங்கே பாவனையாளர் என்கிறார்கள். 'பாவிப்பி' அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: பாவித்தல், அதாவது நடப்பதுபோல் காட்டுதல், சிமுலேட்டருக்குப் பொருந்தும், எமுலேட்டருக்குப் பொருந்தாது.

போன வாரம் மகளுக்கு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆட்டத்தைக் காட்ட நினைத்தேன். 1990-இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு வந்த பதிப்பு. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் திறக்கவே இல்லை. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் போட்டதும் ஓடியது. உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை ஒரு டாஸ் ஆட்டம் வழக்கமாக 220 என்ற முகவரியில் தேடும். அந்த முகவரியில் அட்டைக்குப் பதிலாக டாஸ்பாக்ஸ் நின்று பதில் சொல்கிறது. பழைய இன்டெல் செயலிக்கு எழுதிய கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுகிறது. வேகத்தையும் விட்டுவைப்பதில்லை. விங் கமாண்டர் மாதிரி ஆட்டங்கள் அன்றைய செயலியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை, இன்றைய வேகத்தில் விட்டால் ஆடவே முடியாது. கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறிக்கும் 'சைக்கிள்ஸ்' எண்ணிக்கையைக் குறைத்தால்தான் கைக்கு அடங்கும்.

விமான சிமுலேட்டரில் பறந்தவர் மதுரையில் இறங்குவதில்லை. டாஸ்பாக்ஸில் என் மகள் ஆடியதோ அதே ஆட்டம், இளவரசியை மீட்க அதே 60 நிமிடக் கெடு. பழைய இயந்திரத்தின் வேலையை இது உண்மையாகவே செய்து முடிக்கிறது. சொல்லில் அது தெரிய வேண்டும்.

> அப்படியானால் 'போன்மி'?

நல்ல சொல். ஆனால் மீமுக்கு என்று புழங்கத் தொடங்கிவிட்டது, திரும்ப வாங்குவது கஷ்டம். 'போலி' என்று தொடங்கும் எதையும் என்னால் ஏற்க முடியாது. இத்தனை பேர் ஊதியமில்லாமல் உழைத்துக் காப்பாற்றிய ஒன்றைக் கள்ளச் சரக்கு மாதிரி ஒலிக்கவிடக் கூடாது.

அப்புறம் உவம உருபுகளைப் புரட்டினேன். 'ஏய்ப்ப' என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஏய்த்தல் என்றால் ஒத்திருத்தல். தான் பழைய கணினியில்தான் ஓடுகிறோம் என்று ஆட்டத்தை நம்பவைக்கும் கருவிக்கு 'ஏய்ப்பி' எவ்வளவு பொருத்தம்! ஆனால் இன்றைக்கு வரி ஏய்ப்புதான் நினைவுக்கு வரும். அதே பட்டியலில் 'நிகர'வும் இருந்தது. அதிலிருந்து 'நிகரி'. சின்னச் சொல், பன்மையும் எளிது. வினைக்கு நிகர்த்தல் இருக்கவே இருக்கிறது: டாஸ்பாக்ஸ் பழைய கணினியை நிகர்க்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒன்றின் இடத்தில் சமமாக நிற்பது என்ற பொருள் உடனே எட்டும். நிகர லாபத்தோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப் புத்தகத்தில் 'நிகரி' வராது என்பதால் எனக்கு அந்தப் பயம் இல்லை.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓட்டும் வைனை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். எமுலேட்டர் அல்ல என்பதே அந்தப் பெயரின் விரிவு. விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை, 'பெயர்ப்பி' எனலாம். பழைய சாகச ஆட்டங்களை ஓட்டும் ஸ்கம்விஎம் இன்னொரு வகை. ஆட்டத்தை ஓட்டும் பகுதியைப் புதிதாக எழுதிவிட்டு, தரவுக் கோப்புகளை மட்டும் பழைய வட்டிலிருந்து படிக்கிறது. அதற்கு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள் அம்மா.