"எஸ். சந்திரசேகர்" என்று தேடினால் மூன்று பேர் வருகிறார்கள், எப்படிப் பிரிப்பது?

ஏட்டுப்பூச்சி:
வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நூற்பட்டியல் தயாரிக்கிறேன். "சந்திரசேகர், எஸ்" என்று போட்டால் விண்மீன்களோடு திரவப் படிகமும் மக்கள்தொகையும் கலந்து வருகின்றன. ஜேஸ்டோர் என்ற இதழ்க் களஞ்சியத்தில் முழுப்பெயர் போட்டால் பாதிக்கட்டுரை காணாமல் போகிறது. நாசாவின் வானியல் கட்டுரைத் தேடுதளமான ஏடிஎஸ்ஸில் முழுப்பெயர் போட்டாலும் குப்பை குறையவில்லை. ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) ஏதாவது கிடைக்குமா? இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் கதியா?

பட்டியல்காரர்:
ஆர்கிட்டை மறந்துவிடுங்கள். அது 2012இல் வந்தது, ஆய்வாளர் தாமே பதிவு செய்துகொள்வது. 1995இல் மறைந்தவருக்கு எங்கே இருக்கும்?

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். சுப்ரமணியன் (1910–1995): சென்னை மாநிலக் கல்லூரி, கேம்பிரிட்ஜ், 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகம். சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004): திரவப் படிகம், 1961இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், 1971 முதல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம். ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001): மக்கள்தொகையியலாளர், மத்திய அமைச்சராகவும் இருந்தவர். முதல் இருவரும் சர் சி. வி. ராமனின் உறவினர்கள், இருவரும் இயற்பியல், இருவரும் கேம்பிரிட்ஜ், இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். குழம்பாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஸ்ரீபதி தலைப்பிலேயே கழன்றுவிடுவார். மற்ற இருவருக்கும் ஆண்டுதான் முதல் கத்தி. 1930இல் பிறந்தவர் 1940களில் கட்டுரை எழுதியிருக்க முடியாது. ஆகவே 1950க்கு முந்தைய விண்மீன் கட்டுரைகளில் சிவராமகிருஷ்ணர் பற்றிய கவலையே வேண்டாம். 1928–29இல் காம்ப்டன் விளைவு (எலெக்ட்ரானில் மோதி எக்ஸ் கதிர் சிதறுவது) பற்றி வந்தவையும் சுப்ரமணியனுடையவையே. "இந்திய முகவரி என்றால் இன்னொருவர்" என்று கணக்குப் போட்டால் அவற்றை இழந்துவிடுவீர்கள்.

உண்மையான தலைவலி 1950 முதல் 1995 வரைக்கும்தான்.

கருவூலம்:
ஏடிஎஸ் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. அதில் முழுப்பெயரைக் கேட்டால், பெயரின் முதலெழுத்து மட்டும் உள்ள பதிவுகளையும் "பொருந்தக்கூடியவை" என்று சேர்த்தே தரும். பழைய கட்டுரைகளில் முதலெழுத்து மட்டும்தானே இருக்கிறது? அதனால் திரவப் படிகக்காரரும் உள்ளே வந்துவிடுகிறார். ஆசிரியர் புலத்துக்கு (ஆசிரியர் பெயருக்கான தேடல் பகுதி) முன்னால் = குறி போட்டால் இந்த விரிவாக்கம் நிற்கும், நீங்கள் எழுதிய வடிவம் மட்டும் வரும். ஆனால் அப்போது "சந்திரசேகர், எஸ்" ஒரு தடவை, முழுப்பெயர் ஒரு தடவை என்று இரண்டு ஓட்டம் ஓட்ட வேண்டும். மேற்கோளுக்குள் பெயருக்கு முன் ^ போட்டால் முதல் ஆசிரியராக இருப்பவை மட்டும்.

பலரும் விழுகிற குழி நிறுவன வடிகட்டி. "சிகாகோ" என்று போட்டதும் பட்டியல் சுத்தமாகத் தெரியும், மனசு நிறையும். பழைய பதிவுகள் பலவற்றில் நிறுவனப் புலமே காலி என்பதால் அவை சத்தமில்லாமல் விழுந்திருக்கும். நிறுவனத்தை வடிகட்டியாக வைக்காதீர்கள். ஸ்கேன் செய்த முதல் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். "யெர்க்ஸ் வானாய்வகம்" என்று இருந்தால் முடிந்தது கதை, அது சிகாகோ பல்கலைக்கழகத்துடையது.

ஏட்டுப்பூச்சி:
நன்றி. அப்படியானால் 1950க்குப் பிந்தையவற்றைக் குறிச்சொல் வைத்துப் பிரிக்கலாமா? "முனைவாக்கம்" (ஒளியலை ஒரு குறிப்பிட்ட திசையில் அதிர்வது), "வெப்பச்சலனம்" இரண்டும் வானியற்பியல் பக்கம் என்று நினைத்தேன்.

பட்டியல்காரர்:
இரண்டுமே ஏமாற்றும். கதிர்வீச்சுப் பரிமாற்றத்தில் சுப்ரமணியனுக்கு முனைவாக்கம் முக்கியம். படிகங்களின் ஒளிச்சுழற்சியை ஆராய்ந்த சிவராமகிருஷ்ணருக்கும் அதேதான். வெப்பச்சலன நிலையின்மை திரவப் படிகத்திலும் உண்டு.

இணை ஆசிரியரைப் பிடியுங்கள். 1977இல் பிரமாணா என்ற இந்திய இயற்பியல் இதழில் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகம் பற்றி வந்த கட்டுரையில் சந்திரசேகரோடு சதாசிவா, கே. ஏ. சுரேஷ் பெயர்கள் இருக்கும். அந்த இரண்டு பெயரையும் கழித்தல் குறியோடு சேர்த்தாலே ஒரு கொத்து வெளியேறும். தனியாக எழுதியவற்றுக்குக் கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எழுதியவர் தன் பழைய கட்டுரையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். அது எந்த இதழ் என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரியும்.

சரிபார்க்க: சுப்ரமணியனின் தேர்ந்தெடுத்த கட்டுரைகளைச் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் ஏழு தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. அதில் இருந்தால் அவருடையது. இல்லாததால் மட்டும் அவருடையதல்ல என்று ஆகாது. சிவராமகிருஷ்ணர் பக்கத்துக்கு ராமன் ஆய்வு நிறுவனத்தின் மின்களஞ்சியம். அங்கே கிடைப்பதை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

மருத்துவநூலகம்:
கேள்விக்குச் சற்று வெளியே, ஆனால் இதே நோய்தான். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் "குமார் எஸ்" தேடுகிறவர்கள் கவனிக்க: மேற்கோள் குறி இல்லாமல் ஆசிரியர் புலத்தில் போட்டால் குமார் எஸ்ஏ, குமார் எஸ்பி எல்லோரும் வருவார்கள். மேற்கோள் போட்டால் எஸ் மட்டும். முழுப்பெயர் 2002க்குப் பிந்தைய பதிவுகளில்தான், அதுவும் இதழ் தந்திருந்தால். எல்லா ஆசிரியர்களுக்கும் நிறுவன முகவரி 2014 முதல்தான். அதற்கு முன் முதல் ஆசிரியருக்கு மட்டும். 1984 முதல் 1995 வரை பத்து ஆசிரியர்களோடு நிறுத்திவிட்டார்கள், பதினோராவது ஆள் பெரும்பாலும் தேடலில் அகப்படமாட்டார்.

நம் ஊர்ப் பெயருக்கு இன்னொரு சிக்கல். ஆர். சுரேஷ் என்பவர் "சுரேஷ், ஆர்" என்று ஏறுவார். அவரே வெளிநாடு போய் அப்பா பெயரை விரித்து சுரேஷ் ராமசாமி என்று எழுத ஆரம்பித்தால் "ராமசாமி, எஸ்" ஆகிவிடுவார். இரண்டு வடிவத்தையும் "அல்லது" போட்டுத் தேடாவிட்டால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். கணினி அறிவியல் என்றால் டிபிஎல்பி என்ற நூற்பட்டியல் தளத்தைப் பாருங்கள். ஒரே பெயர்க்காரர்களுக்கு 0001, 0002 என்று எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். எண் இல்லாத பக்கத்தில் கிடப்பவை இன்னும் பிரிக்கப்படாதவை. அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஏட்டுப்பூச்சி:
பிரமாணா கொத்து வெளியேறிவிட்டது. ஒரே கட்டுரை இரண்டு களஞ்சியத்திலிருந்தும் வந்து இரட்டிக்கிறது, அதை எதை வைத்துக் கழிப்பது?

கருவூலம்:
டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான அடையாள எண்) வைத்து. டிஓஐ இல்லாத பழையவற்றுக்கு ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் மூன்றையும் ஒட்டி ஒரு நெடுவரிசை போட்டு அதில் இரட்டிப்பைத் தேடுங்கள். தலைப்பை வைத்துக் கழிக்காதீர்கள். ஒரே தலைப்பில் முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று தொடராக வந்தவை ஒன்றாகிவிடும்.