பெரிய வீட்டுக் குழு: வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டிய பதில்

அண்ணி: அனைவருக்கும் வணக்கம். விபத்தில் மூளையில் அடிபட்ட அவர் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து இந்த வாரத்தோடு நான்கு மாதம் நிறைகிறது. இன்னும் மூன்று மாதம் அங்கேயே தங்கவைப்பதா, வீட்டுக்கு அழைத்துவந்து பயிற்சியாளர்களை இங்கே வரவழைப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். நானாக முடிவெடுத்துவிட்டேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக் கூடாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா: அழைத்து வந்துவிடலாம்.

அத்தை: நன்றாக நடக்கிறான், தெளிவாகப் பேசுகிறான், என்னைப் பார்த்தவுடன் பெயர் சொல்லி அழைத்தான். இதற்கு மேல் அங்கே அவனுக்கு என்ன வேலை இருக்கிறது?

பெரியப்பா: அவசரப்பட வேண்டாம். விபத்தன்று மருத்துவர் சொன்ன ‘7’ என்ற எண்ணை நீங்கள் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 1974 இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பிடுவார்கள், 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுமையான காயம். ஆனால் அந்த எண் அன்றைய மயக்கத்தின் ஆழத்தைத்தான் சொல்கிறது. இன்று அவன் எங்கே நிற்கிறான் என்பதை அறிய வேறு அளவுகோல் உண்டு. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் 1970களில் நோயாளி தேறிவருவதை எட்டுப் படிநிலைகளாக வகுத்தார்கள், பின்னர் அதைப் பத்தாக்கினார்கள். நான்காம் படியில் நோயாளி குழம்பியிருப்பார், குழாய்களைப் பிடுங்குவார், அருகில் இருப்பவரை ஏசுவார். தங்கையே, அவன் உன்னை வெளியே போகச் சொன்னது அந்தப் படியில்தான்.

அத்தை: அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், அண்ணா.

சித்தப்பா மகன்: போன செவ்வாய்க்கிழமைகூட அதைச் சொல்லிக் கண்கலங்கினீர்களே, அத்தை!

அத்தை: பெரியவர்கள் பேசும்போது நீ குறுக்கே வராதே.

நான்: ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணன் பற்பசையை எடுத்துத் தூரிகையில் வைத்தார். குழாயைத் திறந்தார். அதன்பிறகு தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கப் போனபோது பயிற்சியாளர் கையமர்த்தினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பல் துலக்கத் தொடங்கினார்.

அத்தை: சின்ன வயதிலிருந்தே அவன் சோம்பேறி. அம்மா ஊட்டி வளர்த்த பிள்ளை.

அக்கா: அத்தை, பதினெட்டு ஆண்டுகளாக இந்த மறுவாழ்வுத் தொழிலில் இருக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன், இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். மூளையின் முன்மடலில் அடிபட்டால் ஆசை இருக்கும், அறிவு இருக்கும், கையிலும் வலு இருக்கும். ஒன்றைத் தொடங்குவதற்கும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதற்கும் உள்ளிருந்து வர வேண்டிய உந்துதல் மட்டும் வராது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அசட்டையாகத் தெரியும். திட்டினால் அவனுக்கு அவமானம் மட்டுமே மிஞ்சும், உந்துதல் வராது. தம்பியின் குறை என்னவென்று தம்பிக்கே தெரியாமலிருப்பதும் காயத்தின் ஒரு பகுதிதான். அவன் பொய் சொல்லவில்லை.

அண்ணி: ஆமாம். எனக்கு ஒன்றுமில்லை, வண்டிச் சாவியைக் கொடு என்று தினமும் கேட்கிறார். சாவி யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா: என்னிடம் இருக்கிறது. விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பெரியப்பா: அந்த வண்டி வாங்கியதற்கு நான் கொடுத்த கைமாற்று இன்னும் பாதி நிலுவையில் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன்.

சித்தப்பா மகன்: வந்துவிட்டது கணக்கு.

பெரியப்பா: கணக்கை விடு. 1848 இல் அமெரிக்க இருப்புப்பாதைப் பணியில் பினியாஸ் கேஜ் என்பவரின் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் குணமே மாறிவிட்டது என்பதை மட்டும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். பின்னாளில் அவர் சிலி நாட்டுக்குப் போய் ஏறத்தாழ ஏழாண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை என்ற ஒழுங்குதான் அவரை ஓரளவு நிலைநிறுத்தியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நம் பிள்ளைக்கும் அந்த ஒழுங்குதான் வேண்டும்.

சித்தப்பா: அப்படியானால் வண்டி ஓட்டலாமா?

அக்கா: கூடாது, சித்தப்பா! கேஜ் 1860 இல் வலிப்பு வந்துதான் இறந்தார். மூளைக் காயத்துக்குப் பல மாதங்கள், ஏன், சில ஆண்டுகள் கழித்துக்கூட வலிப்பு வரலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். பெரியப்பா சொன்ன ஒழுங்கு முற்றிலும் சரி. ஆனால் இல்லத்தில் அந்த ஒழுங்கை மணியும் பணியாளர்களும் தாங்குகிறார்கள், வீட்டில் அதைத் தாங்கப் போகிறவர் யார்? அங்கே கற்ற பழக்கம் தானாக வீடு வந்து சேராது. அங்கே துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர், வீட்டில் பொத்தான்கள் வேறு இடத்தில் இருந்தால் திகைத்து நிற்பார். அதனால் சில திறன்களை வீட்டில்தான், அந்தக் குளியலறையில்தான், கற்றுக்கொடுக்க வேண்டும். அதே நேரத்தில், இரவில் எழுந்து நடமாடுவதும் திடீர்க் கோபமும் அடங்காமல் அழைத்து வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உடைந்துபோவார்கள்.

சித்தப்பா: இரண்டாவது ஆள் யார்?

அக்கா: இன்று காலையில் முதல் செய்தியை எழுதியவர்.

அண்ணி: நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அவர் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார். ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் எனக்கு நன்றி சொன்னவரில்லை. விருந்தாளியைப் போல் என் எதிரே உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்கும்போது, வீட்டுக்கு யாரை அழைத்து வரப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். பயமாகவும் இருக்கிறது.

சித்தப்பா மகன்: அண்ணி, நான் வருகிறேன்.

பெரியப்பா: பிரிட்டனில் 1979 இல் தொடங்கிய ஹெட்வே என்ற அமைப்பு, காயமடைந்தவரோடு அவருடைய குடும்பத்தாரையும் சேர்த்தே தாங்குகிறது. அம்மா மருமகளே, நமக்கு அப்படியோர் அமைப்பு வாய்க்காவிட்டால் இந்தக் குழுவே அந்த வேலையைச் செய்ய வேண்டும். நேர அட்டவணை ஒன்றை இன்றே தயாரிக்கிறேன்.

சித்தப்பா மகன்: பெரியப்பா, ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அக்கா: என் யோசனை இது. மூன்று மாதம் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், உடனே அழைத்து வரவும் வேண்டாம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, இரண்டு வாரம் சோதனையாக வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தூக்கம், கோபம், மருந்து, களைப்பு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். களைப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பேசினாலே அவன் சோர்ந்துவிடுவான். வரவேற்பு என்று கூட்டம் போடக் கூடாது.

சித்தப்பா: சரி.

அத்தை: சொந்தப் பிள்ளையைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டுமா?

அக்கா: ஒருவர் ஒருவராக வாருங்கள், அத்தை.

அண்ணி: அப்படியானால் இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறோம் என்று எழுதிவிடுகிறேன்; அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். இந்த வெள்ளி இரவு என்னோடு யார் தங்குவது?

சித்தப்பா மகன்: வெள்ளி எனக்கு இரவுப் பணி. சனிக்கிழமை வருகிறேன்.

சித்தப்பா: பார்க்கலாம்.

அத்தை: நான் தங்குகிறேன். மாடிப்படி ஏறமாட்டேன், கீழ் அறையை ஒழித்து வையுங்கள். குளியலறையில் ஒட்டும் தாளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியாது.

அக்கா: நீங்கள் படித்துக் காட்டக் கூடாது, அத்தை. அவனே படிக்க வேண்டும். அவன் எவ்வளவு நேரம் நின்றாலும் நீங்கள் வரியை மட்டும் தொட்டுக் காட்டுங்கள்.

அத்தை: சரி. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

சித்தப்பா: அது நடக்கிற காரியமா?