நாளை மதியம் கிராமத்து பப்பில் சாப்பாடு: இன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும், உதவுங்கள்

ஸ்கிப்டன் புதுவரவு
வணக்கம். யார்க்ஷயர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாளை ஞாயிறு மதியம் கணவரின் மேலாளர் எங்களைக் குடும்பத்தோடு ஒரு கிராமத்துப் பழைய பப்புக்கு அழைத்திருக்கிறார். என்ன சாப்பிடுவோம் என்று இன்று இரவே சொல்ல வேண்டுமாம். மெனுவில் ரோஸ்ட் பீஃப், ரோஸ்ட் போர்க், நட் ரோஸ்ட், ஏதோ ஒரு பை (pie, மாவு மூடிச் சுடுவதாம்). பப் என்றாலே பயமாக இருக்கிறது. அங்கே எப்படி நடந்துகொள்வது? மேலாளர் முன்னால் மரியாதைக் குறைவாக எதுவும் ஆகிவிடக் கூடாது.

லெஸ்டர்வாசி
பயமே வேண்டாம் சகோதரி. கிராமத்து பப்பை நம்மூர் டாஸ்மாக் பாரோடு சேர்த்து நினைக்காதீர்கள். தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், நாய் எல்லாம் வந்து கணப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2007 ஜூலையிலிருந்து உள்ளே புகைபிடிக்கவும் தடை. உங்களுக்கு உண்மையான பிரச்சினை குளிர்தான். என் முதல் குளிர்காலத்தில் வீட்டில் ப்ரீபேமெண்ட் மீட்டர். பணம் தீர்ந்தால் ஹீட்டர் நின்றுவிடும், கோட்டோடுதான் தூங்குவோம். உங்கள் வீட்டில் என்ன மீட்டர் என்று முதலில் பாருங்கள்.

ஹாரோ அக்கா
தங்கச்சி, நீங்கள் குடிக்காவிட்டால் ஒருத்தரும் ஒன்றும் நினைக்க மாட்டினம். லைம் சோடா கேளுங்கோ. ஆனால் ரவுண்ட் என்று ஒன்று இருக்கு. ஒருத்தர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை நீங்கள் வாங்க வேணும், அதை விட்டால்தான் மரியாதைக் குறைவு. டிப்ஸ் பத்து வீதம் கட்டாயம் வையுங்கோ. நான் வந்த காலத்தில் இதைச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை, வேலையிடத்தில் மாதக்கணக்காகத் தனியாக இருந்துதான் சாப்பிட்டேன்.

லீட்ஸ் வடக்கு
அக்கா சொல்வது லண்டன் ரெஸ்டாரண்ட் பழக்கம். பாரில் நின்று ஆர்டர் கொடுத்து அங்கேயே பணம் கட்டும் இடத்தில் யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. குடும்பத்தோடு சாப்பிடப் போகும்போது ரவுண்டும் கிடையாது. நீங்கள் யோசிக்க வேண்டியது எப்படிப் போவது என்பதைத்தான். இந்தப் பக்கம் பல கிராமங்களுக்கு ஞாயிறன்று பஸ்ஸே கிடையாது.

லெஸ்டர்வாசி
பஸ்ஸா! ஞாயிறு என்றாலே இந்த நாடு பாதி தூங்கிவிடும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகூட 6 மணி நேரம்தான் திறக்கலாம் என்று சட்டம்.

ஹாரோ அக்கா
டாக்டரைப் பார்க்க மட்டும் என்ன, காலை எட்டு மணிக்கு ஃபோனோடு மல்லுக்கட்ட வேணும். எங்கட முதல் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டவர், அந்தக் கதையைத் தொடங்கினால் முடியாது.

பப் கிச்சன்காரன்
வாடகைக் கதையை இன்னொரு நாள் பேசலாம், அவர் இன்று இரவே பதில் சொல்ல வேண்டும். நான் இந்தப் பக்கத்து பப் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். சகோதரி, நீங்கள் சைவமா? கணவர் என்ன சாப்பிடுவார்? குழந்தை இருக்கிறதா? கார் யார் ஓட்டுவது?

ஸ்கிப்டன் புதுவரவு
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. நான் சைவம், முட்டை உண்டு. கணவர் கோழி, ஆடு மட்டும். கார் அவர்தான் ஓட்டுகிறார். மகனுக்கு 6 வயது, நிலக்கடலை அலர்ஜி.

பப் கிச்சன்காரன்
அலர்ஜிதான் எல்லாவற்றுக்கும் முன்னால். நட் ரோஸ்ட் கொட்டைகள் சேர்த்துச் சுடும் சைவ உணவு, மகனுக்கு அது வேண்டவே வேண்டாம். மேலாளர் மூலம் சொல்லி அனுப்பாமல் நீங்களே இப்போது பப்புக்கு ஃபோன் செய்யுங்கள். 14 வகை அலர்ஜிப் பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று சொல்வது அவர்களுடைய சட்டக் கடமை, நிலக்கடலை அதில் ஒன்று. கடலை பட்ட கத்தியோ தட்டோ படாமல் அவனுக்குத் தனியாகச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். நாளை மதியம் கிச்சனில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

உங்களுக்கு நட் ரோஸ்ட் சரிதான், சிக்கல் கூட வருவதில் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் பல இடங்களில் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோதான் வறுப்பார்கள். யார்க்ஷயர் புடிங் மாவில் முட்டையும் பாலும்தான், ஆனால் சுடும் அச்சில் மாட்டுக் கொழுப்பு ஊற்றுவது இங்கே பழைய வழக்கம். கிரேவி இறைச்சிச் சாறு. மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சமையல் எண்ணெயில் செய்ததா, காய்கறி கிரேவி தனியாக உண்டா? வெஜிடேரியன் என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். கணவருக்கு பையில் என்ன இறைச்சி என்று கேளுங்கள். ஸ்டேக் என்றால் மாடு. கோழியோ ஆடோ இல்லையென்றால் அவருக்கும் நட் ரோஸ்ட்டே சொல்லலாம்.

சாப்பாடு முன்பே சொல்லிவிட்டதால் மேசைக்கே வரும். பானங்களை மட்டும் பாரில் போய் வாங்குவார்கள். போனதும் கணவர் எழுந்து, என்ன வேண்டும் என்று எல்லோரையும் கேட்டு வாங்கி வரட்டும், ரவுண்ட் பற்றி அக்கா சொன்னது அந்த அளவில் சரி. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கார் ஓட்டுகிறவர் பீர் தொடாமல் இருப்பதே நல்லது. டிப்ஸ் அழைத்தவர் பாடு, பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் அதற்கு மேல் தேவையில்லை.

ஸ்கிப்டன் புதுவரவு
மிக்க நன்றி அண்ணா, இப்போதே கூப்பிடுகிறேன். மகன் எதுவுமே சாப்பிடாமல் போனால்? தயிர்சாதம் எடுத்துப் போகலாமா?

பப் கிச்சன்காரன்
வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு என்றால் எங்கள் கிச்சனில் ஒத்துக்கொள்வோம், அங்கேயும் இதே ஃபோனில் கேட்டுவிடுங்கள். அலர்ஜி கடுமையானால் உடனே போடும் எபிபென் ஊசியை டாக்டர் கொடுத்திருந்தால் கைப்பையில் இருக்கட்டும், காரில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.