முகமூடி மகனுக்குத்தான் போக வேண்டுமா?

மூன்றாம் வரிசை:
முகமூடி போட்ட மல்யுத்த வீரர் ரே மிஸ்டீரியோவை டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெயர் அவருடைய மாமா கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியே லூச்சா லிப்ரே, அதாவது மெக்சிகோவின் முகமூடி மல்யுத்தம் பக்கம் வந்து சேர்ந்தேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த போஸ்டரை எடுத்தாலும் ஒரு ‘ஜூனியர்’, இல்லையென்றால் ஒரு ‘எல் இஹோ டெல்’, அதாவது இன்னாரின் மகன். அப்பா காலமெல்லாம் அடிபட்டுச் சேர்த்த பெயர் மகனுக்கு முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அதே ஜிம்மில் அதே அளவு அடிபட்ட இன்னொரு பையனை யாருடைய மகன் என்று போஸ்டரில் போடுவார்கள்? இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

வெள்ளி முகமூடி:
பெயரோடு கடனும் சேர்ந்து வருகிறது, அதை விட்டுவிட்டீர்கள். டாக்டர் வாக்னர் என்ற வீரரின் கதையைப் பாருங்கள். 1986-ல் கார் விபத்தில் அப்பாவின் ஆட்டம் முடிந்தது. மகன் டாக்டர் வாக்னர் ஜூனியர் அந்த வெள்ளை முகமூடியை 30 வருடங்களுக்கு மேல் காப்பாற்றினார். 2017 ஆகஸ்ட் 26, டிரிப்பிள்மேனியா என்ற பெரிய மல்யுத்த நிகழ்ச்சி. முகமூடியைப் பந்தயம் வைத்த ஆட்டத்தில் சைக்கோ கிளவுன் என்ற வீரரிடம் தோற்றார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தோற்றவர் ரிங்கின் நடுவில் முகமூடியைக் கழற்றி, சொந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். 1985-ல் அப்பா எல் சோலிடாரியோவிடம் முகமூடியை இழந்தது போலவே, மகனும் அதைத் தன் கையாலேயே அவிழ்க்கிறார், அத்தனை ஆயிரம் பேர் பார்க்க. புதுப் பெயரில் வந்த பையனுக்கு இந்தப் பாரம் கிடையாது.

மூன்றாம் வரிசை:
அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவர் யார்? சைக்கோ கிளவுனும் ஆல்வராடோ என்ற மல்யுத்தக் குடும்பம்தான், பிராசோ டி பிளாட்டா என்ற வீரரின் மகன். அவ்வளவு பெரிய மேடையில் இரண்டு பக்கமும் வாரிசுகள். வெளியில் இருப்பவன் எங்கிருந்து நுழைவான்?

டிஜுவானா ரசிகன்:
மிஸ்டிகோ நுழைந்தாரே. ஃப்ராய் டோர்மெண்டா என்ற மல்யுத்தப் பாதிரியாரிடம் வளர்ந்த அனாதைப் பையன் என்றுதானே அவரை அறிமுகப்படுத்தினார்கள்?

மூன்றாம் வரிசை:
அது அவருடைய பாத்திரத்துக்காகச் சொன்ன கதை. பாதிரியார் நிஜம், அனாதைப் பிள்ளைகளை வளர்க்க ரிங்கில் ஏறியதும் நிஜம். ஆனால் மிஸ்டிகோவின் அப்பா டாக்டர் கரோண்டே ஒரு மல்யுத்த வீரர். ஆர்கோஸ், ஆர்ஹெனிஸ் இருவரும் சகோதரர்கள். வெளியாள் என்று நீங்கள் காட்டிய ஆளே இந்தக் குடும்பத் தொழிலில் பிறந்தவர்தான். என் வாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

வெள்ளி முகமூடி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குடும்பங்களில் எல்லா அப்பாவும் மகனைக் கைபிடித்து ரிங்கில் ஏற்றிவிடவில்லை. மல்யுத்த வீரர் ரே மெண்டோசா தன் மகன்கள் படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் நினைத்தார். பையன்கள் கேட்கவில்லை. கடைசியில் ஐந்து பேரும் ‘வில்லானோ’ என்ற பெயரில் ஆடும் வீரர்கள் ஆனார்கள். அதில் மூன்றாமவர் 2000 மார்ச் 17 அன்று அரேனா மெக்சிகோவில் அட்லாண்டிஸ் என்ற வீரரிடம் முகமூடியை இழந்தார். அந்த ஆட்டத்தை ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அரங்கத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருப்பார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த இடத்துக்கு யாரும் அப்படி அழ மாட்டார்கள்.

டிஜுவானா ரசிகன்:
ரத்தம்தான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. புளூ டீமன் ஜூனியர், நீல முகமூடி போட்டு ஆடிய புளூ டீமனின் வளர்ப்பு மகன். 2008-ல் என்டபிள்யூஏ என்ற அமெரிக்க மல்யுத்த அமைப்பின் உலகப் பட்டத்தை ஜெயித்தார். முகமூடி போட்ட ஒருவர் அந்தப் பட்டத்தை வாங்கியது அதுதான் முதல் முறை. அவர் நீல முகமூடிக்குத் தகுதியில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

மூன்றாம் வரிசை:
புளூ டீமன் விஷயம் எனக்கும் பிடித்திருக்கிறது. தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், வாங்கியவரும் காப்பாற்றினார். இப்போது வெள்ளி முகமூடி வீரர் எல் சாண்டோவுக்கு வாருங்கள். 1984 பிப்ரவரியில் அவர் இறந்தபோது வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே, 1982-லேயே, கடைசி மகன் எல் இஹோ டெல் சாண்டோவாக ரிங்கில் ஏறிவிட்டார். நல்ல ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேரன்களில் ஒருவரான அக்செல் ‘சாண்டோவின் பேரன்’ என்ற பெயரில் ஆட வந்தபோது, பெயர் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று மகன் சட்டப்படி தடுத்தார். 2016-ல் தன் சொந்த மகனை சாண்டோ ஜூனியராக இறக்கினார். இரண்டு பேருமே அதே தாத்தாவின் பேரன்கள்!

வெள்ளி முகமூடி:
ஆளாளுக்கு வெள்ளி முகமூடி போட்டால் அதன் மதிப்பு என்ன ஆகும்? சொந்தமே இல்லாதவர்கள் கூட ‘இன்னாரின் மகன்’ என்று பெயரை வாடகைக்கு எடுத்து ஆடுகிற ஊர் அது. யாராவது ஒருவர் கறாராக இருந்தால்தான் பெயர் நிற்கும்.

மூன்றாம் வரிசை:
வாடகைக்கு எடுத்தவரைத் தடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். அக்செல் வாடகைக்கு எடுக்கவில்லை, அவர் தாத்தாவைத் தாத்தா என்று சொன்னார். வில்லானோ ஆட்டத்தை இன்று இரவு பார்க்கிறேன். அக்செல் விஷயத்தில் என் கருத்து மாறாது.