விமானத்தில் கோளாறு என்றால் இழப்பீடு கிடையாதா?

நெடும்பயணி:
பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் இரவு பத்து மணிக்கு ரத்தானதால், இரண்டு குழந்தைகளோடு நிலையத்திலேயே தவிப்பதாக ஒரு குடும்பத்தார் நேற்று இந்த இணைய மன்றத்தில் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு இங்கே 'ஓடுபாதை' என்ற பெயரில் எழுதுபவர், "தொழில்நுட்பக் கோளாறு என்றால் சல்லிக்காசு கிடைக்காது, கொடுக்கிற வவுச்சரில் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள்" என்று அறிவுரை வழங்கியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. விமானப் பயணிகளின் இழப்பீடு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்து நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் அந்த விதி அதற்குப் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்து, மறுநாள் மாலைதான் அனுப்புவோம் என்றால் ஆளுக்கு 600 யூரோ, அதாவது நான்கு பேருக்கு 2,400 யூரோ சேர வேண்டும். இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும். பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சராகத் தரலாம். அந்தக் கையெழுத்தைத்தான் போடச் சொல்கிறீர்கள்.

ஓடுபாதை:
நான் 22 ஆண்டுகள் செக்-இன் கவுன்ட்டரில் நின்றவன். இணையத்தில் நான்கு பக்கம் படித்துவிட்டு எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். நிறுவனத்தின் கையை மீறிய 'அசாதாரணச் சூழல்' இருந்தால் இழப்பீடு இல்லை என்று நீங்கள் சொல்லும் அதே விதியில்தான் எழுதியிருக்கிறது. இயந்திரம் பழுதாவது அசாதாரணம் இல்லையென்றால் வேறு எதுதான் அசாதாரணம்?

நெடும்பயணி:
கவுன்ட்டரில் நின்ற ஆண்டுகளை எண்ணுகிறீர்களே தவிர, அந்த ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளைப் பார்க்கவில்லை. 2005 ஜூன் 28 அன்று வியன்னாவில் ஓர் அம்மையார் தம் கணவரோடும் மகளோடும் காலை 6.45 விமானத்துக்குச் செக்-இன் முடித்துக் காத்திருந்தார். புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விமானம் ரத்து என்று சொன்னார்கள். இயந்திரத்தின் டர்பைனில் பழுது என்பது அலிதாலியா விமான நிறுவனத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்கே தெரியும். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. பராமரிப்பில் தெரியவரும் பழுதும், பராமரிக்கத் தவறியதால் வரும் பழுதும் விமான நிறுவனத்தின் அன்றாடத் தொழிலில் அடங்கியவை, ஆகவே அவை அசாதாரணம் ஆகா என்று 2008 டிசம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. எதிர்பாராத பழுதுக்கும் இதுவே பொருந்தும் என்று 2015-இல் கேஎல்எம் விமான நிறுவனத்தின் வழக்கில் மீண்டும் சொன்னார்கள். கோளாறு சாதாரணம் ஐயா, சாதாரணம்.

ஓடுபாதை:
2015-இலேயே நின்றுவிட்டீர்கள். 2024 ஜூன் 13 அன்று ஃபின்ஏர் விமான நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்பு உங்கள் கண்ணில் படவில்லையா? ஹெல்சிங்கியிலிருந்து பாங்காக் போக வேண்டிய விமானத்தில் எரிபொருள் அளவுமானி பழுதானதை அசாதாரணச் சூழல் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அதுவும் தொழில்நுட்பக் கோளாறுதான். நான் சொன்னதும் அதுதான்.

நெடும்பயணி:
தீர்ப்பின் முதல் பாதியைப் படித்துவிட்டு வந்து வாதாடுகிறீர்கள். அந்த விமானம் பறக்கத் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பழுது வடிவமைப்பிலேயே மறைந்திருந்தது, செய்தவருக்கே முன்னால் தெரியாது. அத்தகைய மறைகுறையை மட்டும்தான் நீதிமன்றம் தனியே பிரித்தது. அந்த விலக்கு 2008 தீர்ப்பிலேயே இருக்கிறது. பிராங்க்பர்ட்டில் பழுதானது மறைகுறை என்று யார் உங்களிடம் சொன்னார்கள்?

செங்காந்தள்:
இடையில் வருவதற்கு மன்னிக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். டிக்கெட்டில் என் பெயரே இரண்டு முறை அச்சாகியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயர் ஒத்துவரவில்லை என்று என்னை ஓரமாக நிற்க வைத்தார். அவர் மேலாளரைக் கூப்பிட்டு வருவதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். கையில் கைக்குழந்தை. நான் யாரிடம் கேட்பது?

ஓடுபாதை:
அம்மா, அது உங்கள் பக்கத்துத் தவறு. டிக்கெட் எடுக்கும்போதே பெயரைச் சரிபார்த்திருக்க வேண்டும். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றினால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும். அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நெடும்பயணி:
அதையேதான் செய்திருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய பாஸ்போர்ட் செல்லும், விசாவும் செல்லும் என்றால் அதில் ஆவணக் குறை எங்கே வந்தது? தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒரு குற்றமா? செங்காந்தள் அவர்களே, எத்தனை மணிக்குக் கவுன்ட்டருக்குப் போனீர்கள் என்பதற்குச் சான்று இருந்தால், விமானத்தில் ஏற்ற மறுத்ததாக எழுதி இழப்பீடு கேளுங்கள். நிறுவனம் நேரம் எதையும் குறிப்பிடாவிட்டால் புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பு வந்திருந்தாலே போதும். ஓடுபாதை அவர்கள் பேச்சைத் திருப்பினாலும் நான் விடுவதாக இல்லை: கோளாறு சாதாரணமா, அசாதாரணமா?

கொள்ளிடத்தான்:
நெடும்பயணி அவர்களின் பேச்சைக் கேட்டுச் சென்ற ஆண்டு அலைந்தவன் நான். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக முனிச் வந்தேன். முதல் விமானம் 11 மணி நேரம் தாமதம். "600 யூரோ உறுதி" என்றார். மூன்று மாதம் கடிதம் எழுதிய பிறகு, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணம் என்றால் ஒன்றியத்து நிறுவனம் ஓட்டினால்தான் விதி பொருந்தும் என்று பதில் வந்தது. அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

நெடும்பயணி:
எந்த நாட்டு நிறுவனம் என்று நீங்கள் அன்று எழுதவே இல்லை. மன்றத்தில் அந்த உரையாடல் இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இப்போதைய பேச்சு பிராங்க்பர்ட்டிலிருந்து புறப்பட வேண்டிய விமானத்தைப் பற்றியது.

கொள்ளிடத்தான்:
நீங்களும் கேட்கவில்லையே. கேட்காமலே உறுதி கொடுத்தது யார்?

ஓடுபாதை:
பார்த்தீர்களா? இப்படித்தான் நம்பிக்கை கொடுத்துக் குடும்பங்களை அலைய விடுகிறார்கள். வவுச்சரை வாங்கியிருந்தால் அவர்களுக்கு அன்றிரவே ஓட்டல் அறையாவது கிடைத்திருக்கும்.

நெடும்பயணி:
இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓட்டல், உணவு, நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் வண்டி, இரண்டு தொலைபேசி அழைப்பு ஆகியவை இழப்பீட்டுக்குள் வருபவை அல்ல. சூழல் அசாதாரணமாகவே இருந்தாலும் அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியே மூடப்பட்டபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் சிக்கிய பயணி ஒருவர் தம் செலவான 1,129 யூரோவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலையே ஆனாலும் பயணியைக் கவனிக்கும் கடமை நீங்காது என்று 2013 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி கொடுக்க வேண்டிய அறைக்காக அந்தக் குடும்பம் 2,400 யூரோவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். பயணி தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தத் தாளை நீட்டுகிறார்கள். இதை உங்களைவிட அறிந்தவர் இங்கே இருக்க முடியாது.

ஓடுபாதை:
நான் யாரையும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதில்லை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். விமானத்தின் கோளாறு கோளாறுதான். 2024 தீர்ப்பு என் பக்கம்தான் இருக்கிறது.

நெடும்பயணி:
2024 தீர்ப்பு உங்கள் பக்கம் இல்லை. பத்து முறை சொன்னாலும் இல்லை. எந்தச் சொல்லையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. பிராங்க்பர்ட் குடும்பத்தார் இதைப் படித்தால், எந்தப் பாகம், எப்போது பழுதானது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அசாதாரணம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. போர்டிங் பாஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா, இல்லையா என்பதை மட்டும் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.