கவின் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை? (குடும்பக் குழுவில்)

மீனா: கவினுக்கு 20 மாதம் ஆகிறது. தாத்தா, பூ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ரெண்டு மாசமா அதையும் சொல்வதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

பெரியம்மா: ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும். நம்ம சுரேஷ் மூணு வயசில்தானே வாயைத் திறந்தான்? முருகனுக்கு வேண்டிக்கோ.

வாசுகி சித்தி: வேண்டிக்கொள்ளட்டும் அக்கா. ஆனால் வந்த பேச்சு நின்றுபோனால் ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. சுரேஷுக்குப் பேச்சுதான் வரவில்லை. காக்கா, நாய் எதைப் பார்த்தாலும் விரல் நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். மீனா, கவின் அப்படிக் காட்டுகிறானா?

மீனா: இல்லை சித்தி. ஏதாவது வேணும்னா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் மேல் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றுகிறான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

செல்வம் மாமா: ஒன்றரை வயசு ஊசி போட்ட பிறகுதானே இப்படி?

வாசுகி சித்தி: ஊசி காரணமில்லை அண்ணா. ஊசியால் ஆட்டிசம் (பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளரும் நிலை) வரலாம் என்று சொன்ன 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பளிச்சென்று தெரியவரும் வயசும் ஊசி போடும் வயசும் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மீனா: அப்போ ஆட்டிசம்தானா சித்தி?

வாசுகி சித்தி: அதை நானோ இந்தக் குரூப்போ சொல்ல முடியாது கண்ணு. முதலில் காது டெஸ்ட். பாட்டுக்கு ஓடிவருகிறான் என்று அதை விட்டுவிடாதே. பெரா என்கிற அந்தக் காது டெஸ்ட்டைத் தூங்கும்போதே எடுப்பார்கள், வலிக்காது. ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்று 20 கேள்விகள் இருக்கின்றன, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அதில் மதிப்பெண் கூடினாலும் ஆட்டிசம் என்று முடிவில்லை, விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் டிஇஐசி, அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட மையம், எங்கே என்று கேள், இலவசமாகவே பார்ப்பார்கள். முடிவு வரும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வயசில் மூளை வேகமாகப் பழகும்.

மீனா: நான் வேலைக்குப் போவதாலா சித்தி?

வாசுகி சித்தி: இல்லவே இல்லை. வளர்ப்பால் இது வருவதில்லை. யாரும் அவளிடம் அப்படிப் பேசாதீர்கள். மீனா, கூப்பிட்டும் திரும்பாததை, சக்கரம் சுற்றுவதை வீடியோ எடுத்து வை. டாக்டர் முன்னால் குழந்தை வேறு மாதிரி இருப்பான்.

பெரியம்மா: திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துக்கோ.

மீனா: சரி பெரியம்மா. எட்டு மணிக்கே கிளம்பிவிடலாம்.