பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் வரும்? 38,000-லேயே மாற்றச் சொல்கிறார்கள்

நீலக்கார்

வணக்கம் நண்பர்களே. என் கார் பெட்ரோல், மேனுவல் கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது "முன் பிரேக் பேட் முடிந்துவிட்டது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றிவிடலாம்" என்று போன் செய்தார்கள். எனக்கு வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சத்தம் இல்லை, பெடல் இறங்கவில்லை, மிதித்தால் எப்போதும் போலத்தான் நிற்கிறது. இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் 70,000 தாண்டியும் கம்பெனியில் வந்த பேடிலேயே ஓட்டுகிறார்.

பேட் என்பது உண்மையில் எத்தனை கிலோமீட்டர் வர வேண்டும்? சத்தம் வரும்வரை காத்திருக்கலாமா? பேட் மாற்றினால் டிஸ்க்கும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? பிரேக் விஷயம் என்பதால் மிச்சம் பிடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் நன்றாக இருக்கும் பொருளைக் கழற்றிப் போடவும் மனம் வரவில்லை. வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஸ்பேனர்

முதலில் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது? "முடிந்துவிட்டது" என்பது அளவு இல்லை. நான்கு பேடுக்கும் (ஒவ்வொரு முன் வீலிலும் டிஸ்க்கின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று) தனித்தனியாக எண் சொல்லச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய் வீலைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கிலோமீட்டர் கணக்கு எதற்கும் உதவாது என்று சொல்லவில்லை. பெரும்பாலான கார்களில் முன் பேட் 30,000-இலிருந்து 70,000 வரை எங்கேயும் முடியலாம். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் ஒரு லட்சம் வரை போவதும் உண்டு, நெரிசலில் மட்டுமே ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியில் 25,000-த்திலேயே முடிவதும் உண்டு. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது 38,000-ஐ வைத்து உங்கள் பேட் நல்லது கெட்டது என்று யாரும் சொல்ல முடியாது, நண்பரின் 70,000-ஐ வைத்தும் சொல்ல முடியாது.

காரணம் எளிது. பேடை டிஸ்க்கில் அழுத்தி, வண்டியின் ஓட்ட ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. வேகம் இரண்டு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்கு. 100-இல் வந்து ஒருமுறை நிற்பது 50-இல் வந்து நான்கு முறை நிற்பதற்குச் சமம். அதனால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வேகம் குறைய விடுகிறவருக்கும், கடைசி நேரம் வரை போய் அழுத்தி மிதிக்கிறவருக்கும் ஒரே மாடல் காரிலேயே பேட் ஆயுள் பாதிக்குப் பாதி மாறும். இதோடு எடை, இறக்கமான சாலை, சேறு மணல், பேட் செய்த பொருள் என்று பலவும் சேருகின்றன. மென்மையான ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், சீக்கிரம் தேயும். உலோகம் கலந்தது சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைச் சற்று அதிகம் தின்னும், சத்தமும் கொஞ்சம் இருக்கும். செராமிக் தூசி குறைவு, நீண்ட நாள் வரும்.

இப்போது அளவு. புதிய முன் பேடில் உரசும் பொருள் மட்டும் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. இருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், தகட்டோடு சேர்த்துப் பார்த்து நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 5, 6 இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 4 வந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்க வேண்டும். 3 வந்தால் மாற்றிவிடுங்கள். 2-க்குக் கீழே ஓட்டவே கூடாது. உங்கள் கார் கையேட்டில் குறைந்தபட்ச அளவு கொடுத்திருந்தால் அதுதான் இறுதி.

மலைப்பாதை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பேடில் அதற்கென்றே ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டு கீச்சென்று கத்தும். பல வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்கே எரிகிறது. அதற்குப் பிறகு மாற்றினால் போதாதா? 4 மி.மீ. இருக்கும்போதே பயந்து மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பேடைத் தூக்கி எறிகிறோம். நான் எப்போதும் அந்தச் சத்தம் வந்த பிறகுதான் மாற்றுகிறேன், ஒரு தொல்லையும் வந்ததில்லை.

ஸ்பேனர்

4-இல் மாற்றச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொன்னேன். அந்த நாக்கு நல்ல ஏற்பாடுதான், அது கத்தினால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் அது கத்தவில்லை என்பதால் பேட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதில்தான் ஆபத்து.

பல வண்டிகளில் நான்கு பேடிலும் நாக்கு இருப்பதில்லை. ஒவ்வொரு வீலிலும் ஒரு பேடில் மட்டும்தான் இருக்கும். சில மலிவான பேடுகளில் அறவே கிடையாது. சென்சார் ஒயர் உள்ள கார்களிலும் ஒரு அச்சுக்கு ஒரு வீலில் மட்டும் வைத்திருப்பது சாதாரணம். நாக்கு இல்லாத பேட் முதலில் தேய்ந்தால் உங்களுக்கு வருவது கீச்சுச் சத்தம் இல்லை, இரும்போடு இரும்பு உராயும் கரகர சத்தம்தான். அந்தச் சத்தம் வரும்போது டிஸ்க் ஏற்கெனவே பாழாகிக்கொண்டிருக்கிறது, வண்டி நிற்கும் தூரமும் கூடிவிட்டது. அப்படிக் கேட்டால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பிரேக் விளக்கு வேறு கதை. ஹேண்ட்பிரேக் இறங்காமல் இருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். பேடுக்கென்று தனி சென்சார் இல்லாத கார்கள் ஏராளம்.

இன்னொன்று, நீங்கள் இறக்கமான பாதையில் ஓட்டுபவர் என்று பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். மெலிந்த பேட் சூட்டைத் தாங்காது. நீண்ட இறக்கத்தில் பேட் மிகவும் சூடேறினால் பிடிமானம் குறைந்துவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போவது போல இருக்கும். மெலிந்த பேட் வழியாக அந்தச் சூடு, பேடைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் சீக்கிரம் ஏறும். சமவெளியில் 3 மி.மீ.-இல் மாற்றக் கொஞ்சம் தாமதமானாலும் ஓடிவிடும், மலையிறங்கும் பயணத்துக்கு முன்னால் 3 மி.மீ. இருந்தால் நான் மாற்றாமல் அனுப்ப மாட்டேன். இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள்.

மலைப்பாதை

ஒரு வீலில் ஒரு பேடில்தான் நாக்கு இருக்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தி. சரி, அடுத்த பயணத்துக்கு முன்னால் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

நீலக்கார்

நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். வீலைக் கழற்றிக் காட்டினார்கள். வலது வீலில் வெளிப்பேட் 6, உள்பேட் 5 மி.மீ. இடது வீலில் வெளிப்பேட் 6, ஆனால் உள்பேட் 3-க்கும் கொஞ்சம் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிகிறது! டிஸ்க்கின் ஓரத்தில் விரலில் தட்டும்படி வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது, அதனால்தான் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஸ்பேனர்

பேட் மாற்றச் சொன்னது சரிதான். ஆனால் பேடை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினால் கொஞ்ச நாளில் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

இடது வீலில் காலிப்பர் சரியாக நகரவில்லை. உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் ஒரு பிஸ்டன் காலிப்பராகத்தான் இருக்கும். மிதித்ததும் பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். உடனே காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் உள்பக்கமாக நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து டிஸ்க்கில் பதிக்கும். அந்தப் பின்களில் கிரீஸ் வற்றி துரு பிடித்தால், அல்லது மேலே இருக்கும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால், காலிப்பர் நகராது. வேலை முழுவதும் உள்பேட் தலையில் விழும். உள்பேட் சாதாரணமாகவே வெளிப்பேடைவிடச் சற்று அதிகம் தேயும், வலது வீலில் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். இடதில் உள்ளது சாதாரணம் இல்லை.

பின்களைக் கழற்றி, துருவைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கையால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சீராகப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அது இறுகியிருந்தாலும் உள்பேடே தேயும். இனி ஓட்டிவிட்டு வந்து நின்றதும் ஒரு பக்க வீல் மட்டும் அதிகமாகக் கொதித்தால், அல்லது பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இதையே சந்தேகப்படுங்கள்.

டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். ஓரத்தில் வரப்பு எழும்புவது பேட் படாத இடம் தேயாமல் நிற்பதால்தான், அது மட்டுமே மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருப்பார்கள், நடுப்பகுதியிலோ விளிம்பிலோ தேடுங்கள். பேட் உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். வரப்பின் மேல் வைத்து அளந்தால் தப்பான கணக்கு வரும். பொறித்திருப்பதைவிட நன்றாக மேலே இருந்து, விரிசலும் ஆழமான வரிகளும் இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது பெடலோ ஸ்டியரிங்கோ உதறாமல் இருந்தால் டிஸ்க்கை விட்டுவிடலாம். எல்லையை ஒட்டி இருந்தால் புதுப் பேடோடு மாற்றிவிடுவதுதான் சரி, ஏனென்றால் அந்தப் பேட் முடிவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். எதை மாற்றினாலும் அந்த அச்சின் இரண்டு வீலிலும் சேர்த்தே மாற்ற வேண்டும், வலது பேட் நன்றாக இருக்கிறதே என்று இடதை மட்டும் மாற்றாதீர்கள்.

சார்ஜ்வண்டி

நான் ஓட்டுவது மின்சாரக் கார், அதனால் வேறொரு பக்கம் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே மோட்டாரே வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்கு மின்சாரத்தை அனுப்புகிறது, பிரேக்குக்கு வேலையே குறைவு. பேட் ஒரு லட்சத்தைத் தாண்டி வருவது இந்த வண்டிகளில் அதிசயம் இல்லை. ஆனால் பயன்படுத்தாததாலேயே டிஸ்க்கில் துரு ஏறுகிறது, பின்கள் இறுகுகின்றன. தேயவில்லை என்று பிரேக்கைத் திறந்தே பார்க்காமல் விடுவது ஹைப்ரிட், மின்சாரக் கார்காரர்கள் பலர் செய்வது. இடையிடையே காலியான சாலையில் பின்னால் வண்டி இல்லாதபோது நன்றாக அழுத்தி மிதியுங்கள், துரு போகும்.

அப்புறம், பின்னாலும் டிஸ்க் உள்ள புதிய கார்களில் பின் பேட் முதலில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஆடாமல் இருக்க கம்ப்யூட்டரே பின் பிரேக்கை அதிகம் பயன்படுத்துகிறது. முன்னால் பார்த்துவிட்டு பின்னால் பார்க்காமல் விடாதீர்கள். பட்டனில் இயங்கும் பார்க்கிங் பிரேக் இருந்தால் சர்வீஸ் மோடில் போட்ட பிறகுதான் பின் பேடில் கை வைக்க வேண்டும், பிஸ்டனை பலவந்தமாகத் தள்ளினால் அந்தப் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் போய்விடும்.

நீலக்கார்

டிஸ்க்கை அளந்தார்கள். பொறித்திருப்பது 20, இருப்பது 21.4 மி.மீ., எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால் டிஸ்க் வேண்டாம், நான்கு முன் பேடும் ஸ்லைடு பின்களின் சர்வீஸும் மட்டும் என்று சொல்லிவிட்டேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு அருகில் இருக்கிறது, அதை நிரப்பச் சொல்லட்டுமா? புதுப் பேட் போட்டதும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஸ்பேனர்

நல்ல முடிவு. ஆயிலை இப்போது நிரப்ப வேண்டாம். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால்தான் அளவு குறைந்திருக்கிறது. புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது தானாக மேலே ஏறும். முன்பே நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்டைத் தின்னும். புதுப் பேட் போட்ட பிறகும் குறைவாகவே இருந்தால் எங்கோ கசிகிறது, தேடுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இதோடு சேர்த்து முழுவதும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

சாவி கைக்கு வந்ததும், நகர்த்துவதற்கு முன்னால், எஞ்சினை ஓடவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி காலியாகப் போகும். பெடல் இறுகிய பிறகுதான் கியர் போட வேண்டும். மெக்கானிக் செய்திருந்தாலும் நீங்களும் செய்யுங்கள்.

புதுப் பேட் பழைய டிஸ்க்கில் முழுவதும் பதிய நேரம் எடுக்கும். காலியான சாலையில் 60-இலிருந்து 15 வரை மிதமாகப் பிடித்து, நின்றுவிடாமல், கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை. சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள், பேட் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டி பிறகு உதறும். முதல் 300 கி.மீ. முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டி வையுங்கள். அவசரம் என்றால் மட்டும் யோசிக்காமல் முழுவதும் மிதியுங்கள்.